மூக்கு மழுங்கினால் வால் எப்படி மாறும்?

நிலவிலிருந்து திரும்பிய அப்பல்லோ கலங்கள் நொடிக்குச் சுமார் 11 கிலோமீட்டர் வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைந்தன. அகன்ற அடிப்பக்கத்தை முன்னால் காட்டி வந்ததால்தான் அவை எரியாமல் தப்பின. 1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் ஜூலியன் ஆலனும் ஆல்ஃபிரட் எக்கர்ஸும் கண்டறிந்த உண்மை இது: மழுங்கிய உடலுக்கு முன்னே வலுவான அதிர்வலை விலகி நிற்கும்; வெப்பத்தின் பெரும்பகுதி காற்றுக்கே போய்விடும்.

அந்தச் சூடான காற்று கலத்தைச் சுற்றிப் பின்னால் சென்று நீண்ட வாலாகிறது. வாலில் காற்று சீராக ஓடுமா, சுழல்களாகக் கொந்தளிக்குமா என்பதில் கலத்தின் வடிவத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

மழுங்கிய கலத்தின் வாலில் இரண்டு பகுதிகள் இருக்கும். நடுவில், கலத்தின் மேற்பரப்பை உரசி வந்த காற்றாலான மெல்லிய கரு. சுற்றிலும், அதிர்வலை சூடாக்கிய அகன்ற உறை. கொந்தளிப்பு கருவில் தொடங்கி, உறையை உள்ளிழுத்தபடி வெளிநோக்கிப் பரவும். அந்தக் கலப்பில்தான் வால் குளிர்கிறது. 1962-இல் லீஸ், ஹ்ரோமாஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் இதற்குக் கணக்கு வகுத்தார்கள்.

கூரிய கூம்பில் அதிர்வலை உடலை ஒட்டிச் சாய்ந்து நிற்கும், வலுவும் குறைவு. வெளிக்காற்று அதிகம் சூடாவதில்லை, வேகமும் இழப்பதில்லை. அதனால் கருவின் விளிம்பில் மாக் எண் (ஒலியின் வேகத்தைப் போல் எத்தனை மடங்கு வேகம் என்ற அளவு) மிக உயர்ந்தே இருக்கும். அந்த நிலையில் சிறு குலைவுகள் பெருகுவது கடினம். மெல்லிய வால், நெடுந்தூரம் சீராகவே ஓடக்கூடும். இரண்டு வடிவங்களிலும், கீழே இறங்கி அடர்ந்த காற்றுக்குள் வர வர, கொந்தளிப்பு தொடங்கும் இடம் கலத்தை நெருங்கி வரும்.

கொந்தளிக்கும் வால் மெதுவாகவே அகலும்: தொலைவு எட்டு மடங்கானால் அகலம் இரண்டு மடங்கு. இழுவிசை மிகுந்த மழுங்கிய உடலுக்கு அதே தொலைவில் வால் அகலம் கூடுதல்.

இந்தக் கணக்கில் பெரும் பயன் உண்டு. கடும் சூட்டில் காற்றிலிருந்து பிரிந்து வாலில் கலந்துள்ள எலெக்ட்ரான்களை ரேடார் காண்கிறது. அவை எவ்வளவு விரைவில் மறையும் என்பது கலப்பைப் பொறுத்தது. கலத்தின் முதுகில் படும் வெப்பத்தையும் பின்னாலுள்ள ஓட்டமே தீர்மானிக்கிறது. 2007-இல் வங்கக் கடலில் இறங்கிய இஸ்ரோவின் எஸ்.ஆர்.இ-1 கலமும் உருண்டை மூக்குள்ள கூம்புதான். மூக்கைத் தேர்ந்தெடுக்கும் பொறியாளர் வாலையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறார். முன்பக்கத்தை மட்டும் கணக்கிட்டால் வடிவமைப்பு பாதிதான் முடிந்திருக்கும்.