வைப்பினுக்கு லீவில் வருகிறவர்கள்

எழுபதுகளிலும் எண்பதுகளிலும் கொச்சியை அடுத்த வைப்பின் தீவிலிருந்து வளைகுடாவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் மனைவியை ஊரில் விட்டுவிட்டுத்தான் போனார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவு. அதுவும் முதலாளி பார்த்துக் கொடுக்கிற மாதத்தில். கிறிஸ்துமஸுக்கு வர வாய்த்தவன் கொடுத்து வைத்தவன். பம்பாயில் இறங்கி, ரயிலில் எர்ணாகுளம் வந்து, கயிறு கட்டிய பெட்டிகளோடு ஜெட்டியில் நிற்பான். அரபிக்கடலைத் தாண்டி வந்தவனைக் கடைசியில் இந்தக் காயல் தடுத்து வைக்கும். கடைசிப் படகு போய்விட்டால் அக்கரையில் வீடு, இக்கரையில் அவன்.

லீவில் புருஷன் பெண்டாட்டி ஊர் சுற்றப்போவது என்ற பேச்சே கிடையாது. உறவுக்காரர் வீடுகள், வல்லார்பாடம் மாதா கோவில், எர்ணாகுளத்தில் ஒரு சினிமா. மீதி நாட்கள் ஓடு மாற்றவும் தங்கைக்கு வரன் பார்க்கவும் போய்விடும். டேப் ரெக்கார்டரும் சென்டும் பங்கு போட்டுத் தீர்வதற்குள் திரும்பும் தேதி வந்து நிற்கும்.

வழியை மாற்றியவை இரண்டு. 1999இல் நெடும்பாசேரி விமான நிலையம் திறந்தது. வெளிநாடுவாழ் இந்தியர்களும் பங்குப் பணம் போட்டுக் கட்டிய நிலையம் அது. 2004இல் கோஸ்ரீ பாலங்கள் வந்தன. போல்காட்டி, வல்லார்பாடம் வழியாக வைப்பின் எர்ணாகுளத்தோடு சேர்ந்தது. அப்போதும் தீவின் தனியார் பேருந்துகளைப் பல ஆண்டுகள் நகருக்குள் விடவில்லை. உயர் நீதிமன்றச் சந்திப்பில் இறங்கி வேறு வண்டி பிடிக்க வேண்டியிருந்தது. படகுக் காலத்தின் அழகை நினைத்து உருகுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். பிரசவ வலியெடுத்தவளோடு ராத்திரியில் காயல் கடந்த வீட்டாரைக் கேட்டால் தெரியும். 2015 ஆகஸ்டில் ஃபோர்ட் கொச்சிப் படகு மீன்பிடிப் படகோடு மோதிப் 11 பேர் இறந்ததும் வைப்பினுக்கும் ஃபோர்ட் கொச்சிக்கும் நடுவில்தான். 2018 முதல் அங்கே வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் ரோ-ரோ படகு ஓடுகிறது. 2023இல் வாட்டர் மெட்ரோ படகுச் சேவையின் முதல் தடத்தையே உயர் நீதிமன்றத்திலிருந்து வைப்பினுக்குத்தான் விட்டார்கள்.

இன்று டிசம்பரில் வந்து இறங்குவது ஜோடி. துபாயில் பள்ளிக்கூடம் குளிர்கால விடுமுறை விட்டிருக்கும். அல்லது அயர்லாந்து மருத்துவமனையில் நர்ஸ் வேலை பார்க்கிற மனைவி ஷிஃப்டை மாற்றி வாங்கியிருப்பாள். டிக்கெட் விலை எகிறும் மாதம் இது, ஆனாலும் வருகிறார்கள். இரண்டு வாரத்தில் பாதி நாள் செறாய் கடற்கரை ஹோம்ஸ்டேயில். சொந்தத் தீவில் வாடகை அறை! பெற்றோர் வீட்டில் ஏ.சி. இல்லை என்பது சொல்லும் காரணம்; இருவரும் ஒன்றாக ஓய்வெடுக்க ஓர் இடம் வேண்டும் என்பது சொல்லாத காரணம். அதில் குறை காண எனக்கு மனமில்லை. முந்தைய தலைமுறைக்கு அது வாய்க்கவே இல்லை. டிசம்பர் 31 ராத்திரி ஃபோர்ட் கொச்சியில் பழைய ஆண்டின் உருவமான பாப்பாஞ்ஞி பொம்மையை எரிப்பதைப் பார்த்துவிட்டு, ரோ-ரோ வரிசையில் நின்று திரும்புவார்கள்.

பழைய கதை எல்லோருக்கும் முடிந்துவிடவில்லை. 2024 மார்ச்சுக்குப் பின் பிரிட்டனுக்குப் பராமரிப்புப் பணிக்குப் புதிதாகப் போனவர்களால் கணவனையோ மனைவியையோ குழந்தைகளையோ உடன் அழைத்துப் போக முடியவில்லை. வளைகுடாவிலும் சம்பளம் போதாதவர்களுக்குக் குடும்ப விசா இல்லை. அவர்கள் இன்றும் தனியாகத்தான் வந்து போகிறார்கள். வீடியோ கால் ஒன்றுதான் கூடுதல்.

லீவுக்காரர்கள் வரும் மாதங்களில்தான் வேலியேற்றம் என்ற ஓதப்பெருக்கும் வருகிறது. தீவில் எடவனக்காடு, நாயரம்பலம், புதுவைப்பு பக்கம் உப்புநீர் முற்றத்தைத் தாண்டி அடுக்களைக்குள் ஏறுகிறது; சுவர் அரித்து, கழிப்பறை நிரம்பிவிடுகிறது. பாலம் திறந்த அதே 2004இல், கிறிஸ்துமஸுக்கு மறுநாள், சுனாமியில் உயிர்களை இழந்த ஊர் எடவனக்காடு. கொச்சிக்குத் தெற்கே செல்லானத்தில் டெட்ராபாட் கான்கிரீட் கட்டிகளை அடுக்கிக் கட்டியது போன்ற கடற்சுவர் வேண்டுமென்று எடவனக்காட்டுக்காரர்கள் போராடி வருகிறார்கள். விமான நிலையத்துக்குப் பணம் போட்ட வெளிநாட்டு மலையாளிகளின் குரலுக்குத் திருவனந்தபுரத்தில் மதிப்பு உண்டு. இந்த டிசம்பரில் செறாயில் அறை எடுப்பவர்கள், ஒருநாள் தெற்கே எடவனக்காடு வரை போய்ப் பார்த்துவிட்டு, அந்தக் குரலைச் சுவருக்காகவும் கொடுக்க வேண்டும்.