கோடையில் பூக்கும் சரக்கொன்றை

சவ்வாது மலையடிவாரத்தில் உள்ள ஒடுகத்தூரைப் போல, கத்திரி வெயில் கடுமையாகக் காயும் ஊர்களுக்கு இயல்பாகவே பொருந்தும் அழகு மரம் சரக்கொன்றை. லின்னேயசு 1753-இல் காசியா பிஸ்டுலா எனப் பெயரிட்ட இது, வறண்ட பருவத்தில் இலைகளைக் கொட்டி நீரிழப்பைக் குறைத்துக்கொள்ளும் இலையுதிர் மரமாகும். வெறுமையான அதன் கிளைகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் ஓரடிக்கு மேலும் நீளக்கூடிய மஞ்சள் பூஞ்சரங்கள் தொங்குகின்றன. தாய்லாந்து இதைத் தேசிய மலராகவும் கேரளம் மாநில மலராகவும் கொண்டாடுகின்றன.

ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத் தோல் தொழிலோடும் கொன்றைக்கு உறவுண்டு. குரோமிய உப்புகள் பரவுவதற்கு முன், தோலின் புரதத்தோடு பிணைந்து அதை அழுகாமல் காக்கும் தானின் என்னும் துவர்ப்புப் பொருளுக்காக மரப்பட்டைகளே நாடப்பட்டன. அவற்றுள் ஆவாரம்பட்டை முதலிடம் பெற்றிருக்க, கொன்றைப்பட்டையும் துணை நின்றது. ஆயினும் அடிமரத்தைச் சுற்றிலும் பட்டையை உரித்தால், இலைகள் ஆக்கும் உணவு வேருக்குச் செல்லும் வழி அறுந்து மரம் பட்டுவிடும்.

இரண்டடி வரை நீளும் கருங்காயின் தனித்தனி அறைகளுக்குள் இருக்கும் விதையின் உறை நீர் புகாத அளவுக்குக் கடினமானது. ஆகவே முளை வரும் முனையை விட்டு மறுபுறத்தை உப்புத்தாளில் தேய்த்து, ஓரிரவு நீரில் ஊறவைத்து விதைக்க வேண்டும். நாற்றை மழைக்காலத் தொடக்கத்தில், நாள் முழுதும் வெயில் படுவதும் நீர் தேங்காததுமான இடத்தில், இரண்டடிக் குழியில் செம்மண்ணும் தொழுவுரமும் கலந்து நடுவது நலம். அவரைக் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், வளியிலுள்ள நைட்ரசனை நிலைப்படுத்தும் வேர்முடிச்சுகள் பொதுவாக இதில் உருவாவதில்லை என்பதால் தொழுவுரத்தைத் தவிர்க்கலாகாது. கொன்றை வெள்ளை எனப்படும் வண்ணத்துப்பூச்சியின் பச்சைப் புழுக்கள் தளிரைத் தின்றாலும், வளர்ந்த மரம் மீண்டும் தளிர்த்துவிடும் என்பதால் அதற்கு நஞ்சு தெளிக்கத் தேவையில்லை.

முதலிரு கோடைகளில் மட்டும் தவறாது நீர் ஊற்ற வேண்டும். வேர் ஆழ ஊன்றிய பின்னும் ஓயாது ஊற்றினால் இலை செழிக்குமே தவிரப் பூ குறையும். கிளைகளைக் கழிப்பதாயின் பூ முடிந்தவுடன் கழிக்க வேண்டும். மாசி, பங்குனியில் இலையற்று நிற்கும் மரத்தைப் பட்டுப்போனதென்று எண்ணி ஒருபோதும் வெட்டிவிடக் கூடாது.