எண்ணெய்த் துறையில் வேலை: முதலில் கைத்தொழில், பிறகு சான்றிதழ்

‘ஆயில் கம்பெனி வேலை’ என்றதும் நடுக்கடலில் நிற்கும் எண்ணெய்க் கிணறுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது இந்தத் துறையின் ஒரு பகுதிதான். பூமியைத் துளைத்துக் கச்சா எண்ணெய் எடுப்பது ஒரு பிரிவு. குழாயிலும் கப்பலிலும் கொண்டுசேர்ப்பது இன்னொன்று. சுத்திகரித்து பெட்ரோல், டீசல், எரிவாயுவாக விற்பது மூன்றாவது. ஐடிஐ, டிப்ளமா படித்தவர்கள் எளிதாக நுழையக்கூடிய இடம் சுத்திகரிப்பு ஆலை.

உள்ளூரில் தொடங்கலாம்

சென்னை மணலியில் 1969 முதல் ஓடும் ஆலை, இன்றைய சிபிசிஎல், ஆண்டுக்கு 1.05 கோடி டன் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் திறன் கொண்டது. காவிரிப் படுகையில் ஓஎன்ஜிசி காரைக்காலில் இருந்து செயல்படுகிறது. இத்தகைய பொதுத்துறை நிறுவனங்கள் பொறியியல் பட்டதாரிகளை ‘கேட்’ தேர்வு மதிப்பெண்ணை வைத்தோ கணினிவழித் தேர்வு நடத்தியோ எடுக்கின்றன. ஐடிஐ, டிப்ளமா முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு அப்ரன்டிஸ் பயிற்சி உண்டு. பயிற்சி முடிந்ததும் நிரந்தர வேலை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. ஆனாலும் ஓடுகிற ஆலைக்குள் வேலை செய்த அனுபவம் அடுத்த நேர்காணலில் உங்களுக்காகப் பேசும்.

ஷட்டவுன் வேலை

ஆலையின் யூனிட்டுகளைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நிறுத்திவிட்டு முழுமையாகப் பழுதுபார்ப்பார்கள். இதுதான் ஷட்டவுன். அந்தச் சில வாரங்களுக்கு வெல்டர், பைப் ஃபிட்டர், பளுவைத் தூக்கி நகர்த்தும் ரிக்கர், சாரம் கட்டுபவர் என்று பெரிய படையே தேவைப்படும். குஜராத்தின் ஜாம்நகர், சவுதியின் ஜுபைல், அபுதாபியின் ருவைஸ் என எங்கு போனாலும் ஆளெடுப்பது பெரும்பாலும் ஒப்பந்ததாரர்தான். டிரேட் டெஸ்ட் எனும் கைத்திறன் தேர்வில் தேறினால்தான் வேலை.

வெல்டருக்கு வைக்கும் 6ஜி டெஸ்டைப் பாருங்கள். குழாயை 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்திவிடுவார்கள். குழாயைத் திருப்பக் கூடாது. வெல்டர்தான் மேலும் கீழும் பக்கவாட்டிலும் உடம்பை வளைத்து ஒரு சுற்று முடிக்க வேண்டும். உள்ளே முதல் அடுக்கை டிக் முறையில் போட்டு, மேலே ஆர்க் வெல்டிங்கில் நிரப்புவது வழக்கம். பிறகு எக்ஸ்ரே எடுப்பார்கள். உள்ளே பற்று சரியாகப் பிடிக்காத இடம் படத்தில் தெரிந்துவிடும். இதில் தேறியவரிடம் பட்டம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை.

ஆலையை விட்டு, கடலில் துளையிடும் ரிக்குக்குப் போக விரும்பினால் படிகள் தெளிவானவை: ரவுஸ்டபவுட், ஃப்ளோர்மேன், டெரிக்மேன், டிரில்லர், டூல்புஷர். அதற்கு முன் போசியட் என்ற உயிர்காப்புப் பயிற்சி கேட்பார்கள். ஹெலிகாப்டர் போன்ற கூண்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, நீச்சல்குளத்தில் அமிழ்த்தித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். ஜன்னலைத் தள்ளி வெளியே வரத் தெரிய வேண்டும். இந்தச் சான்று 4 ஆண்டுகளுக்குச் செல்லும்.

சான்றிதழ் எப்போது?

கல்லூரி முடித்த கையோடு வருபவர்களிடம் பயிற்சி மையங்கள் பெரும் தொகை வாங்கிக்கொண்டு நாலைந்து சான்றிதழ்களை அடுக்கிக் கொடுக்கின்றன. இதில் ஏமாறாதீர்கள். குழாய் ஆய்வாளருக்கான ஏபிஐ 570 தேர்வை எழுதவே துறை அனுபவம் வேண்டும். படிப்பு குறையக் குறைய, கேட்கும் அனுபவ ஆண்டுகள் கூடும். வேலையில் சேர்ந்து, எந்தப் பாதை உங்களுடையது என்று தெரிந்தபின் அதற்குரிய சான்றிதழுக்குச் செலவிடுங்கள்.

வளைகுடாவுக்குக் கிளம்பும் முன்

ஏஜென்ட் பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு ரூ.30,000, அதற்கு மேல் ஜிஎஸ்டி மட்டும். லட்சக்கணக்கில் கேட்பவரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். விசிட் விசாவில் போய் வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம் என்பவரை நம்பாதீர்கள். சம்பளம், வேலை நேரம், ஓவர்டைம், தங்குமிடம், திரும்பிவரும் டிக்கெட் ஆகியவை ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனத்திலும் பதிவு செய்துவையுங்கள்.

ஏற்ற இறக்கம்

2014-இல் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற கச்சா எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. விலை சரிந்தால் முதலில் நிற்பது புதிய கிணறுகள், அவற்றோடு ரிக் வேலைகள். ஆலைப் பராமரிப்பை அப்படி நெடுநாள் தள்ளிப்போட முடியாது. எனவே உர ஆலை, மின்நிலையம், கப்பல் கட்டும் தளம் என எங்கும் செல்லுபடியாகும் தொழிலைக் கற்றுக்கொள்ளுங்கள். நல்ல சம்பளம் வரும் காலத்தில் ஆறு மாதக் குடும்பச் செலவைத் தனியே எடுத்துவைத்துவிட்டால், அடுத்த வேலையை அவசரப்படாமல் தேர்ந்தெடுக்கலாம்.