ராத்திரி முழுக்க பேட்டரியைத் தின்னது யாரு?

டாக்கிங் புக் ரீடர் வெச்சிருக்கிற யாரைக் கேட்டாலும் ஒரே புலம்பல்தான்: "சார்ஜே நிக்க மாட்டேங்குது." நானும் புலம்பினவன்தான். அதனால இன்னிக்கு எபிசோட் முழுக்க அதைப் பத்தித்தான்.

புதுசா கேட்கிறவங்களுக்கு: எனக்குப் பார்வை கிடையாது. நான் படிக்கிறது பழைய பட்டன் போன் சைஸ்ல இருக்கிற ஒரு சின்ன மெஷின்ல. டெய்சி வடிவத்தில் இருக்கும் புத்தகத்தைப் போட்டால் அத்தியாயம் அத்தியாயமா, பக்கம் பக்கமா தாவலாம். நிறுத்தின இடத்தை அதுவே ஞாபகம் வெச்சுக்கும். "போன்லயே கேட்கலாமே"ன்னு கேட்பீங்க. கேட்கலாம். நடுவுல கால் வரும், வாட்ஸ்அப் வரும். தவிர, விரலுக்குத் தெரியுற மாதிரி பட்டன் இருக்கிறது தனி சுகம்.

போன வருஷம் மதுரையில எனக்கு ஒரு பேங்க் பரீட்சை. எழும்பூர்ல ராத்திரி ரயில். விடிய விடிய நடப்பு நிகழ்வுகள் கேட்டுட்டே போறதுன்னு பிளான். முந்தின நாள் ஃபுல் சார்ஜ் போட்டிருந்தேன், அந்தத் தெம்புல சார்ஜரை வீட்லயே வெச்சுட்டுக் கிளம்பிட்டேன். விழுப்புரம்கூட வரல, "பேட்டரி குறைவு"ன்னு சொல்லிட்டு மெஷின் செத்துப்போச்சு. மூணு மாசத்து நோட்ஸ் கையில இருக்கு, ஒரு வரி கேட்க முடியல. மேல் பெர்த்ல படுத்து ஃபேன் சத்தத்தைக் கேட்டுட்டே மதுரை போய்ச் சேர்ந்தேன்.

"பேட்டரி போச்சுடா, புதுசு போடு"ன்னு அண்ணன் சொன்னான். ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போனோம். கடைக்காரர் பேட்டரியைக் கழட்டி, சார்ஜ் ஏத்தி இறக்கிப் பார்க்கிற டெஸ்டர்ல போட்டுட்டு மறுநாள் வரச் சொன்னார். போனா, "பேட்டரி நல்லாத்தான் இருக்கு தம்பி. பாட்டு ஓடும்போது இறங்குதா, சும்மா இருக்கும்போது இறங்குதா?"ன்னு கேட்டார்.

எனக்குப் பதில் தெரியல. அந்தக் கேள்வியை நான் யோசிச்சதே இல்ல.

அன்னிக்கு ராத்திரி சோதிச்சேன். படுக்கப் போகும்போது 100 சதவீதம். ஆஃப் பண்ணி மேஜையில வெச்சேன், ஒரு வரிகூடக் கேட்கல. காலையில 58. அப்போ குற்றவாளி நான் கேட்கிற புத்தகம் இல்ல. நான் தூங்கும்போது உள்ளே ஏதோ ஒண்ணு முழிச்சிருக்கு.

அடுத்தடுத்த ராத்திரி ஒவ்வொண்ணா மாத்திப் பார்த்தேன். ஒரு ராத்திரிக்கு ஒரே ஒரு மாற்றம், இது ரொம்ப முக்கியம். நாலைந்தை ஒண்ணா மாத்தினா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது. முதல் ராத்திரி எஸ்டி கார்டை எடுத்துட்டேன். வித்தியாசம் இல்ல. ரெண்டாவது ராத்திரி புளூடூத்தை அணைச்சேன், கொஞ்சம் தேவலை. மூணாவது ராத்திரி வைஃபையை அணைச்சேன். காலையில 97!

காரணம் யோசிச்சா சிரிப்புதான் வருது. நாங்க அப்போதான் வீடு மாறியிருந்தோம். மெஷின் ஞாபகத்தில் இருந்தது பழைய வீட்டு ரவுட்டர். புது வீட்ல அது ஏது? "எங்கே, எங்கே"ன்னு ராத்திரி முழுக்கத் தேடியிருக்கு. நான் ஆஃப்னு நினைச்சது நிஜ ஆஃப் இல்ல, வெறும் தூக்கம். பட்டனை லேசா அழுத்தினா தூங்கும், சில நொடி அழுத்திப் பிடிச்சாத்தான் முழுசா அணையும். உங்க மெஷின்ல எப்படின்னு ஒருமுறை பார்த்துக்கோங்க.

கணக்காவும் சொல்றேன். 2000 மில்லி ஆம்பியர் அவர் பேட்டரின்னு வெச்சுக்கோங்க. மெஷின் 150 மில்லி ஆம்பியர் எடுத்தா சுமார் 13 மணி நேரம் ஓடும். வைஃபை கூட ஒரு 100 எடுத்தா, அது 8 மணி நேரமாச் சுருங்கிடும்.

சரி, கேட்கும்போதுதான் இறங்குதுன்னா? முதல்ல ஸ்பீக்கரை விட்டு இயர்போனுக்கு மாறுங்க. எழுத்துக் கோப்பை மெஷினே குரலாக மாற்றிப் படிப்பதற்குப் பிராசசர் கூடுதலா உழைக்கணும். ஏற்கெனவே ஒலிப்பதிவான புத்தகத்துக்கு அவ்வளவு வேலை இல்லை. கார்டு பழுதா இருந்தா, படிக்க முடியாத கோப்பைத் திரும்பத் திரும்பப் படிக்கப் பார்த்தே சார்ஜைக் காலி பண்ணும். வேற கார்டு போட்டு ஒருநாள் ஓட்டிப் பாருங்க.

சார்ஜே ஏறாம இருக்கிறதும் உண்டு. பார்வை உள்ளவங்க லைட் எரியுதான்னு பார்த்துடுவாங்க, நமக்கு அது கிடையாது. நானே பிளக்கைச் சொருகிட்டு சுவிட்சைப் போடாம தூங்கியிருக்கேன். இப்போ சார்ஜ் நிலையைச் சொல்ற பட்டனை அழுத்தி, "சார்ஜ் ஆகிறது"ன்னு அதன் வாயாலயே கேட்டுட்டுத்தான் படுப்பேன். சில பவர் பேங்க், இழுக்கிற கரண்ட் ரொம்பக் கம்மின்னா தானாவே நின்னுடும், அதையும் கவனிங்க.

நிஜமாவே பேட்டரிக்கு வயசாகியும் இருக்கலாம். லித்தியம் அயான் பேட்டரி சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கினதும் கொள்ளளவு குறைய ஆரம்பிக்கும். சூடு அதை இன்னும் சீக்கிரம் கெடுக்கும், அதனால வெயில்ல நிக்கிற வண்டிக்குள்ள மெஷினை விட்டுட்டுப் போகாதீங்க.

ஒண்ணு மட்டும் அவசரம். மெஷினை மட்டமான மேஜையில வெச்சு விரலால தட்டுங்க. முன்னாடி ஆடாதது இப்போ ஆடுதுன்னா, பின்மூடி புடைச்சிருக்கான்னு தடவிப் பாருங்க. புடைச்சிருந்தா பேட்டரி உப்பியிருக்கலாம். உடனே நிறுத்துங்க, சார்ஜ் போடாதீங்க, அழுத்தாதீங்க. குப்பைத் தொட்டியிலும் போடக்கூடாது, மின்கழிவு வாங்குற இடத்துல கொடுங்க.

அந்தப் பரீட்சையா? ஸ்க்ரைப் வெச்சு எழுதினேன், நடப்பு நிகழ்வுல நாலு கேள்வி தெரியாம விட்டேன். நாலுக்கும் விடை நான் கேட்காத நோட்ஸ்ல இருந்தது. அடுத்த பரீட்சைக்குக் கோயம்புத்தூர் போனப்போ வைஃபையை அணைச்சுட்டுத்தான் கிளம்பினேன், பையில சார்ஜரும் இருந்தது. வழியெல்லாம் கேட்டுட்டுப் போயும் இறங்கும்போது 61.