தேன் பெட்டியும் மெழுகு அந்துப்பூச்சியும்



வீட்டுக்குப் பின்னால் ஒரு தேன் பெட்டி வைத்துப் பார்க்கலாமே என்ற ஆசை தோட்டப்புறங்களில் நம்மவர் பலருக்கு உண்டு. தென்னங்கட்டையில் குடியிருக்கும் பொந்துத் தேனீயைப் பெட்டிக்கு மாற்றி, சில மாதம் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வார்கள். ஒருநாள் மூடியைத் திறந்தால் தேனீயைக் காணோம். அடை முழுவதும் சிலந்தி வலைபோல் வெள்ளை நூல்; அதற்குள் நெளியும் புழுக்கள். "புழு வந்து கூட்டத்தை அழித்துவிட்டது" என்று மனம் நொந்து, பெட்டியைக் கோழி அடைக்கக் கொடுத்துவிடுகிறார்கள்.

புழு இருப்பது உண்மைதான். ஆனால், கூட்டம் போனதற்குக் காரணம் அதுதானா? பெரும்பாலும் இல்லை. குடியிருப்பவர் இல்லாத வீட்டில் கறையான் புகுவது போலத்தான் இதுவும்.

அது எப்படி வருகிறது என்று பார்ப்போம். மெழுகு அந்துப்பூச்சி சாம்பல் நிறமானது. இரவில் பறந்து வந்து, பெட்டியின் இடுக்குகளில் நூற்றுக்கணக்கான முட்டைகளை இட்டுவிடும். வளர்ந்த அந்துப்பூச்சி எதையும் தின்பதில்லை. தின்பதெல்லாம் அதன் புழுதான். நம் நாட்டு வெப்பத்தில் முட்டை சில நாட்களில் பொரிந்துவிடும். புழு அடையின் நடுவே சுரங்கம் தோண்டி, நூல் நூற்றுக்கொண்டே போகும். அதற்குப் பிடித்தது புது வெள்ளை அடை அல்ல. தேனீக் குஞ்சுகள் வளர்ந்து கறுத்துப்போன பழைய அடை. வெறும் மெழுகு அதற்குப் போதாது. குஞ்சுகள் உரித்துப்போட்ட தோலும் மகரந்தமும் அதற்கு வேண்டும்.

கூட்டம் பலமாக இருந்தால் வேலைக்காரத் தேனீக்களே புழுவை இழுத்து வெளியே போட்டுவிடும். அவை குறைந்து, அடைகளை மூடி நிற்க ஆள் இல்லாதபோதுதான் புழுவின் ராஜ்யம். ஒன்று சொல்ல வேண்டும்: நம் பொந்துத் தேனீ தொல்லை பொறுக்காது. புழு மிகுந்தால் சண்டை போடாமல், ராணியையும் அழைத்துக்கொண்டு வேறிடம் போய்விடும். ஆகவே புழுவுக்குப் பழியே இல்லை என்று நாம் சொல்லவில்லை.

காலியான பெட்டியைக் கழுவுமுன் அதை நன்றாகப் பார்க்க வேண்டும். தேனீக்கள் அறைகளுக்குள் தலையை நுழைத்தபடி செத்துக் கிடந்து, தேனும் ஒரு துளி இல்லையென்றால் அது பட்டினிச் சாவு. செத்த தேனீயும் இல்லை, தேனும் இல்லை, குஞ்சும் இல்லை என்றால் கூட்டம் ஓடிப்போயிருக்கிறது. கடைசி நாட்களில் ஓர் அறைக்குள் பல முட்டைகள் தாறுமாறாகக் கிடந்து, ஆண் தேனீக்களே மிகுந்திருந்தால் ராணி போய்விட்டது என்று பொருள். வாசலுக்கு முன் தேனீக்கள் குவியலாகச் செத்துக் கிடந்தால், அருகில் பூச்சிமருந்து தெளித்தார்களா என்று விசாரிக்க வேண்டும். காரணம் தெரியாமல் அடுத்த கூட்டத்தைக் குடியேற்றினால் அதுவும் அதே வழியில்தான் போகும்.

இனி பெட்டியைக் காப்பாற்றும் வழி. நூல் படர்ந்த அடைகளை அன்றைக்கே வெட்டி எடுத்துவிட வேண்டும். நாளைக்கு என்றால் புழு மரத்தையே குடைந்து கூடு கட்டும். வெட்டிய அடையைத் துணிப்பையில் கட்டி வெந்நீரில் காய்ச்சினால் மெழுகு மேலே மிதக்கும். மெழுகை நேராக நெருப்பில் வைக்கக்கூடாது, பற்றிக்கொள்ளும். புழுக்களைக் கோழிக்குப் போடலாம். தூண்டில் போடுகிறவர்கள் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். சட்டங்களையும் பெட்டியின் இடுக்குகளையும் சுரண்டி, உட்புறத்தை லேசாகத் தீயில் வாட்டி, வெயிலில் காயவைக்க வேண்டும். நூல் பிடிக்காத நல்ல அடைகளைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஐஸ் பெட்டியின் உறைய வைக்கும் அறையில் இரண்டு நாள் வைத்தால் முட்டையும் புழுவும் செத்துப்போகும். வீட்டில் மீனோடு மீனாக வைக்க இடம் தருவார்களா என்பது வேறு விஷயம்! பை திறவாமல் அப்படியே எடுத்து வைக்கலாம். அந்துருண்டை மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் நஞ்சு மெழுகில் ஊறி, தேனிலும் சேரும்.

கூட்டம் இருக்கும்போது செய்ய வேண்டியது சிறு வேலைதான். ஆனால் விடாமல் செய்ய வேண்டும். பொந்துத் தேனீ பழைய அடையைக் கடித்து உதிர்க்கும் பழக்கம் உள்ளது. அந்தத் தூள் அடிப்பலகையில் குவிய, அதில்தான் முதல் புழு வளரும். வாரம் ஒருமுறை அடிப்பலகையைச் சுரண்டித் துடைத்தால் பாதித் தொல்லை போய்விடும். தேனீ மூடி நிற்காத அடைகளை எடுத்து, இடத்தைச் சுருக்க வேண்டும். எறும்பு ஏறாமலிருக்கப் பெட்டியின் கால்களைத் தண்ணீர் டின்களில் நிறுத்த வேண்டும். அடைமழைக் காலத்தில் சம அளவு சீனியும் தண்ணீரும் கலந்த பாகை மாலையில் பெட்டிக்குள்ளேயே வைக்கலாம். வெளியே வைத்தால் அயல் கூட்டம் கொள்ளையடிக்க வந்துவிடும்.

செம்பனை சூழ்ந்த தோட்டத்தில் இருப்பவர்கள் இந்தப் பாகை மறக்கக்கூடாது. செம்பனைப் பூ மகரந்தம் தரும், தேன் தராது. ரப்பர் உள்ள இடத்தில் கவலை குறைவு. மரம் இலை உதிர்த்து மறுபடி தளிர் விடும்போது, மூன்று இலைகளும் காம்போடு சேரும் இடத்தில் இனிப்பு நீர் சுரக்கும். சுத்தம் செய்த பெட்டியில் புதுக் கூட்டத்தைக் குடியேற்ற அந்தத் தளிர்க் காலத்துக்குச் சற்று முந்திய நாட்களே ஏற்றவை.