புகார்க் காட்சியும் இலக்கியச் சான்றும்

காவிரி கடலொடு கலக்கும் இடத்தில் அமைந்த புகார், காவிரிப்பூம்பட்டினம் எனவும் பூம்புகார் எனவும் வழங்கப்பெறும். புகார் என்னும் சொல்லே ஆறு கடலிற் புகும் முகத்தைக் குறிப்பது. இன்று மயிலாடுதுறை மாவட்டத்துள் அடங்கிய இவ்வூர்க்குத் தமிழ் பயிலும் மாணவர் பலர் சென்று வருகின்றனர். பட்டினப்பாலையும் இரட்டைக் காப்பியங்களும் கற்ற நெஞ்சினராய்ச் செல்லும் அவர்கள், ஆங்குக் காண்பனவற்றை எவ்வாறு நோக்குதல் வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

புகார் என்னும் ஒரு பெயரின்கீழ் மூன்று நகரங்கள் உள்ளன. நூல்கள் காட்டும் புகார் ஒன்று. அகழ்வாய்வு காட்டும் புகார் மற்றொன்று. நம் காலத்தார் நினைவாக எழுப்பிய புகார் பிறிதொன்று. இவற்றை வேறுபடுத்தி உணராவிடின், ஒன்றற்குரிய சான்றை மற்றொன்றற்கு ஏற்றியுரைக்கும் பிழை நேரும்.

1. நூல்கள் காட்டும் புகார்

கடல்வழி வந்த குதிரைகளையும் நிலவழி வந்த மிளகுப் பொதிகளையும், ஏற்றுமதிப் பொருள்மீது புலிப்பொறி இட்டுக் காத்த சுங்க அலுவலரையும் பட்டினப்பாலை கூறுகின்றது. சிலப்பதிகாரம், மருவூர்ப்பாக்கம், பட்டினப்பாக்கம் என நகரை இரு கூறாக்கி, இடையே நாளங்காடியை வைக்கின்றது. வெள்ளிடை மன்றம், இலஞ்சி மன்றம், நெடுங்கல் மன்றம், பூதச் சதுக்கம், பாவை மன்றம் என ஐவகை மன்றங்களையும் சுட்டுகின்றது. அந்நகரைக் கடல் கொண்ட செய்தி மணிமேகலையில் வருகின்றது. தாலமி குறித்த ‘கபேரிஸ்’ என்னும் வணிகத்துறை இந்நகரே என்பது அறிஞர் பலரின் துணிபு.

2. நிலமும் கடலும் காட்டும் புகார்

இந்தியத் தொல்லியல் துறையினர் 1960ஆம் ஆண்டுகளில் இப்பகுதியில் அகழ்வாய்வு நிகழ்த்தினர். கீழையூரில் செங்கல்லாலான படகுத்துறை ஒன்று வெளிப்பட்டது. அதனை ஒட்டி மரத்தூண்கள் நின்றன. படகுகளைப் பிணித்தற்கு உரியவை அவை என்பர். அம்மரத்தின் காலம் கரியக் கணிப்பால் கி.மு. 3ஆம் நூற்றாண்டை ஒட்டியது எனப்பட்டது. வானகிரியில் வளைந்த செங்கற் சுவர்களையுடைய நீர்த்தேக்கம் கண்டறியப்பட்டது. பல்லவனீச்சரத்தில் பௌத்த விகாரத்தின் அடித்தளமும் சுண்ணாம்புக்கல்லிற் செதுக்கிய புத்தபாதமும் கிடைத்தன.

இவற்றுள் கீழையூர்த் துறை நின்று நோக்கத்தக்கது. அது கடற்கரையில் இல்லை. நிலத்தின் உள்ளே தள்ளி உள்ளது. ஆகவே அஃது ஆற்றின் கிளைக்காலில் அமைந்த துறை என்றே கொள்ளவேண்டும். பாய் களையாமலும் பாரம் குறைக்காமலும் பெருங்கலங்கள் புகாரினுட் புகுந்தமையைப் புறநானூற்றுப் பாடல் ஒன்று கூறும். கீழையூர்த் துறையை மட்டும் காட்டி அப்பாடற் செய்தி மெய்ப்பிக்கப்பட்டது எனல் பொருந்தாது. துறை சிறிது என்று காட்டி அச்செய்தியை மறுத்தலும் பொருந்தாது. காவிரிமுகத்தில் படகுத்துறை அமைக்கும் அளவிற்குப் பழங்காலத்திலேயே நீர்வழிப் போக்குவரத்து நிலைபெற்றிருந்தது என்பதே அச்செங்கற்கள் நேரே தரும் செய்தி.

விகாரத்திற்கும் இது பொருந்தும். மணிமேகலை இந்திர விகாரத்தைக் கூறுகின்றது. பாலி உரையாசிரியர் புத்ததத்தர் காவிரிப்பட்டினத்து விகாரத்தில் தங்கி நூல் இயற்றினார். இந்நகரில் பௌத்தம் தழைத்தது என்பதற்குத் தமிழ் நூலும் பாலி நூலும் அகழ்வாய்வும் ஒருங்கே சான்றாகின்றன. ஆயின் பல்லவனீச்சர விகாரமே இந்திர விகாரம் என்று பெயரிட்டு அழைக்க அங்குக் கல்வெட்டு எதுவும் இல்லை.

1980ஆம் ஆண்டுகளில் தொடங்கிய கடலாய்வுகளால், கரையோர நீர்ப்பரப்பில் செங்கற் கட்டட எச்சங்களும் உறைகிணறுகளும் அறியப்பட்டன. உறைகிணறு நன்னீர்க்காக நிலத்தில் தோண்டப்படுவது. அஃது இன்று அலைவாய்ப்பட்டுக் கிடத்தலால், கரை உள்வாங்கியது தெளிவு. அருகேயுள்ள தரங்கம்பாடியில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த மாசிலாமணிநாதர் கோயிலின் பெரும்பகுதியைக் கடல் அரித்தமை கண்கூடு. ஒரே நாளிற் பெருங்கடல் பொங்கி நகரை விழுங்கியது எனக் கொள்வாரும், அச்செய்தி முழுதும் கற்பனை எனத் தள்ளுவாரும் இவ்வரிப்பினைக் கருத்திற் கொள்ளல் நன்று.

3. நம் காலத்தார் எழுப்பிய புகார்

1973ஆம் ஆண்டில் தமிழக அரசு எழுநிலை மாடமாகச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை எழுப்பியது. காப்பிய நிகழ்ச்சிகள் அதன் சுவர்களிற் கற்சிற்பங்களாக அமைந்துள்ளன. நூலிற் கூறிய மன்றங்கள் சிலவும் புதியனவாக அமைக்கப்பெற்றன. இவை சோழர் கால எச்சங்கள் அல்ல; ஒரு காப்பியத்தை இருபதாம் நூற்றாண்டுத் தமிழர் எவ்வாறு படித்தனர் என்பதற்குச் சான்றுகள். அந்த அளவில் இவற்றின் மதிப்புப் பெரிது. கண்ணகியின் அணியும் மாதவியின் ஆடல்நிலையும் இச்சிற்பங்களில் உள்ளவாறே பழங்காலத்தில் இருந்தன என்று எழுதுவாராயின், உரை எழுதியவர் கருத்தை மூலத்தின் கருத்தாக ஏற்றிய குற்றம் அவர்க்கு வரும்.

4. காணும் முறை

ஆகவே மாணவர் முதற்கண் கீழையூர்க்கும் பல்லவனீச்சரத்திற்கும் செல்க. அடுத்துத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில், நிலத்திலும் கடலிலும் கிடைத்த பொருள்களைக் காண்க. ஒவ்வொரு பொருளும் எவ்விடத்து, எம்மண்ணடுக்கில் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்க. கலைக்கூடம் இறுதியில் காணத்தக்கது. முறை மாறின், சிற்பத்திற் கண்ட மாடங்களை மனத்திற்கொண்டு செங்கல் அடித்தளத்தை நோக்கி, ‘இவ்வளவுதானா’ என ஏமாறும் நிலை வரும். அவ்வேமாற்றம் நூலை ஐயுறுதற்கு வழியாகின்றது. அல்லது இல்லாத சான்றைத் தேடிப் புனைதற்கு வழியாகின்றது. இரண்டும் தமிழாராய்ச்சிக்குத் தீங்கே.

மரத்தாலும் மண்ணாலும் எழுந்த வீடுகள் டெல்டா நிலத்தின் ஈரத்தில் நெடுங்காலம் நில்லா. ஆறு தடம் மாறிற்று, கரையும் அரிக்கப்பட்டது. இந்நிலையில் எஞ்சியவை சிலவாதல் இயல்பே. அச்சிலவற்றை உள்ளவாறு உரைத்து, நூற்செய்தியை அதன் அருகே வைத்து, இரண்டும் பொருந்தும் இடத்தையும் பொருந்தாத இடத்தையும் தனித்தனியே குறித்தல் ஆய்வாளர் கடன். புகார் ஆராய்ச்சி இனி வளர்தற்கு உரிய வழியும் அதுவே.