ஏடு மாறும் கணக்கு

"ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்பது நம் முன்னோர் மொழி. வீணே நீரில் எறியும் பொருளுக்கும் அளவு வேண்டுமெனின், பிறருடைய பெயரையும் கூலியையும் ஓர் ஏட்டிலிருந்து மற்றோர் ஏட்டிற்கு மாற்றும்போது எத்துணைக் கருத்து வேண்டும்! இக்காலத்தில் கணக்குகள் பெரும்பாலும் கணினியில் எழுதப்படுகின்றன. அங்கும் ஏடு மாற்றும் வேலை உண்டு. அதில் பிழைகளும் உண்டு. அப்பிழைகள் எவ்வாறு தோன்றுகின்றன, அவற்றைக் கண்டு களைவது எங்ஙனம் என்பவற்றை இப்பாடத்தில் காண்போம்.

தமிழகத்தின் வடமேற்கு எல்லையில், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் அமைந்துள்ளது ஓசூர். பெங்களூர் இங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலேயே உள்ளது. சரக்குந்து, இருசக்கர வண்டி, கைக்கடிகாரம் ஆகியவற்றைச் செய்யும் பெரிய தொழிற்சாலைகள் இந்நகரில் இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டிய உறுப்புகளைக் கடைந்தும் வார்த்தும் கொடுக்கும் சிறு பட்டறைகளும் பலவுள. காலைச் சங்கு ஒலிக்கும் நேரத்தில் தொழிற்பேட்டைச் சாலையில் நின்றால் தமிழும் கன்னடமும் தெலுங்கும் செவியில் விழும். வடநாட்டிலிருந்து பிழைக்க வந்தோரின் இந்தியும் ஒடியாவும் உடன் கலந்து கேட்கும். இத்துணை மக்களின் வருகைப் பதிவும் கூலிக் கணக்கும் ஏதேனும் ஒரு கணினியில் இருந்தே ஆக வேண்டும்.

கணினியில் கணக்கு எழுதும் ஏடுகள் இருவகைப்படும். ஒன்று விரிதாள், எக்செல் என்பது இவ்வகையைச் சார்ந்தது. மற்றொன்று தரவுத்தளம், மேசைக் கணினியில் பயன்படும் மைக்ரோசாஃப்ட் அக்சஸ், லிப்ரே ஆபீஸ் பேஸ் ஆகியவை இவ்வகையின. விரிதாளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் கூடைக்கு ஒப்பிடலாம். அதில் கத்தரிக்காயின் மேல் வெற்றிலையை வைக்கலாம், தடுப்பாரில்லை. தரவுத்தளமோ நம் வீட்டு அஞ்சறைப்பெட்டியைப் போன்றது. கடுகுக்கு ஓர் அறை, சீரகத்திற்கு ஓர் அறை என வகுக்கப்பட்டிருக்கும். ஓர் அறைக்கு உரியதை மற்றோர் அறை ஏற்காது. கூடையிலிருந்து பெட்டிக்குப் பொருளை மாற்றும்போதுதான் சிக்கல் பிறக்கிறது.

என்னிடம் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் ஓசூரில் ஒரு சிறு பட்டறையில் கணக்கெழுதி வருகிறார். தொழிலாளர் பட்டியலைப் பல்லாண்டுகளாக விரிதாளில் எழுதிவந்த அவர், ஒரு திங்களில் அதனைத் தரவுத்தளத்திற்கு மாற்றினார். மாற்றும்போது கணினி ஓர் அறிவிப்பைக் காட்டியது. சில பதிவுகளைச் சேர்க்க இயலவில்லை என்றும், எனினும் மேற்செல்லலாமா என்றும் அது வினவியது. வேலை மிகுந்த நேரம். "ஆம்" என்று அழுத்திவிட்டார்.

கூலி நாள் வந்தது. தரவுத்தளம் அளித்த பட்டியலின்படி கூலி வழங்கப்பட்டது. ஒப்பந்தத் தொழிலாளர் ஒருவர் பெயரும் அப்பட்டியலில் இல்லை. திங்கள் முழுதும் இயந்திரத்தின்முன் நின்று உழைத்தவர்கள், "எங்கள் பெயர் எங்கே?" என்று கேட்டு நின்றனர். அவர்களுள் ஒருவர் ஊரிலுள்ள தம் மகளின் பள்ளிக் கட்டணத்திற்கு அன்றே பணம் அனுப்ப வேண்டியவர். மாணவர் அன்று மாலை என் இல்லத்திற்கு வந்து நடந்ததைக் கூறி வருந்தினார். கணினியின் நுட்பம் நான் அன்று அறியேன். ஆயினும் ஒன்று கேட்டேன்: "தம்பி, எத்தனை பெயர் புறப்பட்டன? எத்தனை பெயர் போய்ச் சேர்ந்தன?"

"எண்ணிப் பார்க்கவில்லை, ஐயா" என்றார் அவர்.

மறுநாள் எண்ணிப் பார்த்தோம். விரிதாளில் 212 பெயர்கள் இருந்தன. தரவுத்தளத்தில் 171 பெயர்களே இருந்தன. விடுபட்ட 41 பெயர்களையும் தனியே எடுத்து நோக்கியபோது காரணம் விளங்கிற்று. நிலையான தொழிலாளரின் அடையாள எண்கள் 1001, 1002 என வெறும் எண்களாக இருந்தன. ஒப்பந்தத் தொழிலாளரின் அடையாளங்கள் 'ஒ-14', 'ஒ-15' என எழுத்தும் எண்ணும் கலந்து நின்றன. தரவுத்தளத்தில் அந்த அறை எண்ணுக்கென்றே வகுக்கப்பட்டிருந்தது. எழுத்தோடு வந்தவற்றை அது ஏற்கவில்லை. அடையாளம் இல்லாத பதிவுக்கு அங்கே இடமும் இல்லை.

புதிய அட்டவணை அமைக்கும்போதும் இத்தகைய தவறு நேரும். அக்சஸ் ஒவ்வொரு பத்தியிலும் முதல் எட்டு வரிசைகளைப் பார்த்து, அது எண்ணா, எழுத்தா, நாளா என்று ஊகிக்கிறது. முதல் எட்டும் எண்ணாக இருந்து ஒன்பதாவது எழுத்தாக இருப்பின், அவ்விடம் வெறுமையாகிவிடும். விடுபட்டவற்றை அது ஒரு தனி அட்டவணையில் குறித்தும் வைக்கிறது. பெயரின் இறுதியில் 'இம்போர்ட் எரர்ஸ்' என்னும் சொற்களைக் கொண்ட அவ்வட்டவணை, பிழை யாது, எப்பத்தியில், எவ்வரிசையில் நேர்ந்தது என்பவற்றைக் காட்டும். குறையைக் கூறும் அவ்வேட்டைத் திறவாமல் மூடுவோரே பலர்.

இனி, ஓசையின்றி நேரும் பிற பிழைகளைக் காண்போம். ஓசூரின் தொலைபேசிக் குறியீடு 04344. இதனை எண் என்று கொண்டால், முன்னிற்கும் சுழியத்துக்கு மதிப்பில்லை என்று கருதி, கணினி 4344 என எழுதிவிடும். பெங்களூரின் 080 என்பதும் 80 ஆகிவிடும். வங்கிக் கணக்கு எண்களில் இதனினும் பெரிய தீங்கு உண்டு. எக்செல் ஓர் எண்ணின் முதல் 15 இலக்கங்களையே காத்து வைக்கும். சில வங்கிகளின் கணக்கு எண் 16 இலக்கங்கள் கொண்டது. அதனை எண்ணாக எழுதினால் இறுதி இலக்கம் சுழியமாக மாறும். ஒருவருடைய கணக்கு எண் பிழைபட்டுப் போகும். ஒருமுறை இழந்த அவ்விலக்கத்தை விரிதாளிலிருந்து மீட்கவும் இயலாது. வங்கிப் புத்தகத்தைப் பார்த்தே மீண்டும் எழுத வேண்டும்.

இவற்றுக்கு ஒரு நல்ல விதி உண்டு. கூட்டியும் கழித்தும் பார்க்கும் எண்ணே எண்ணாகும். கூட்டிப் பார்க்கத் தகாத எண் எழுத்தே ஆகும். கூலியைக் கூட்டலாம், வேலை செய்த நாள்களைக் கூட்டலாம். இருவருடைய தொலைபேசி எண்களைக் கூட்டி யார் என்ன பயன் காண்பார்? ஆதலின் அத்தகைய பத்திகளை எழுத்து என்றே முன்னதாக அறிவித்துவிட வேண்டும்.

நாள் குறிப்பதிலும் மயக்கம் உண்டு. 05/06 என்பது நமக்கு ஜூன் 5. அமெரிக்க முறைப்படி அமைந்த கணினிக்கோ அது மே 6. 25/06 என்று வந்தால் 25ஆம் திங்கள் இன்மையால், அஃது எழுத்தாகக் கிடக்கும். அல்லது சரியான நாளாகவே கொள்ளப்படும். ஒரே பத்தியில் பாதி சரியும் பாதி தவறுமாக நிற்பதால் கண்டுபிடிப்பது அரிது. இன்னும் ஒன்று: விரிதாள் நாளைத் தன்னுள் ஓர் எண்ணாகவே வைத்திருக்கிறது. 1900ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாளை 1 எனக் கொண்டு எண்ணும் அதன் கணக்கில், நாம் விடுதலை பெற்ற 1947 ஆகஸ்டு 15 என்பது 17394 ஆகும். நாள் இருக்க வேண்டிய இடத்தில் இத்தகைய எண் தோன்றினால் அஞ்ச வேண்டா. அப்பத்தியை நாள் என்று அறிவித்தால் சரியாகிவிடும்.

எல்லைப்புற ஊர்களுக்கே உரிய இடர் பெயர்களில் உள்ளது. கன்னடத்தில் புதிய ஊர் என்று பொருள்படும் பெயரையே ஓசூர், ஒசூர், ஹோசூர் எனப் பலவாறு எழுதுகிறோம். நமக்கு ஊர் ஒன்று. கணினிக்கு ஊர் மூன்று. 2004ஆம் ஆண்டில் தருமபுரி மாவட்டத்திலிருந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிரிக்கப்பட்டது. பழைய பதிவுகளில் ஓசூர் தருமபுரி மாவட்டத்திலும், புதியவற்றில் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இருக்கும். இவற்றையெல்லாம் மாற்றும் முன்னரே ஒருமுகப்படுத்துதல் வேண்டும்.

கண்ணுக்குப் புலப்படாத வேற்றுமையும் உண்டு. 'கௌரி' என்னும் பெயரை ஔகாரக் குறியால் எழுதலாம். அறியாதார் ஒற்றைக் கொம்பையும் ளகரத்தையும் சேர்த்து 'கெளரி' என எழுதுவர். திரையில் இரண்டும் ஏறத்தாழ ஒன்று போலவே தோன்றும். கணினி இருவராகக் கொள்ளும். பழைய எழுத்துருக்களால் எழுதிய தமிழ், தரவுத்தளத்தில் பொருளற்ற குறிகளாக நிற்கும். தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் யூனிகோடு முறையைத் தரமாக ஏற்றது. பழைய பட்டியல்களை முதலில் அம்முறைக்கு மாற்றிக்கொள்ளல் நலம். எக்செல் ஏட்டைக் காற்புள்ளியால் பிரித்த எளிய கோப்பாகச் சேமிப்பதும் உண்டு. அப்போது 'யூ.டி.எப்.-8' என்னும் வகையைத் தேர்ந்தெடுக்காவிடில் தமிழெழுத்துகள் வினாக்குறிகளாக மாறிவிடும்.

மற்றொரு பிழை நகைப்புக்கு இடமாவது. விரிதாளின் அடியில் கூலியைக் கூட்டி "மொத்தம்" என்று எழுதும் வழக்கம் உண்டு. அவ்வரிசையை நீக்காமல் மாற்றினால், "மொத்தம்" என்னும் பெயருடைய தொழிலாளி ஒருவர் தரவுத்தளத்தில் தோன்றுவார். பட்டறையில் அவரைப்போல் கூலி பெறுபவர் எவரும் இரார்!

இவை சிறு பட்டறைகளின் குறைகள் மட்டுமே என்று எண்ணற்க. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய் பரவியபோது, இங்கிலாந்தில் ஆய்வுக்கூட முடிவுகளைத் தொகுக்கப் பழைய வகை எக்செல் ஏடு ஒன்று பயன்பட்டது. அவ்வேட்டில் 65,536 வரிசைகளுக்கு மேல் இடமில்லை. வரிசை நிரம்பியபின் வந்தவை விடுபட்டன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை நோய் கண்டவர்களுள் 15,841 பேர் நாள்தோறும் வெளியாகும் கணக்கில் சேரவில்லை. நோயுற்றோருக்கு அவர்தம் முடிவு தெரிவிக்கப்பட்டது. ஆயினும் அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் பணி தாமதமாயிற்று. அறிவியலாரும் இவ்விடர்க்கு ஆளாயினர். 'மார்ச்1' என்பதுபோல் பெயர் கொண்ட மரபணுக்களை விரிதாள் நாட்குறிப்பு எனக் கருதி மாற்றிவிட்டது. அத்தொல்லைக்கு அஞ்சி, பெயரிடும் குழுவினர் அம்மரபணுக்களின் பெயர்களையே மாற்றினர். அச்செய்தி 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இப்பிழைகளைத் தவிர்க்கும் முறை எளியது. முதலாவது, மூல ஏட்டைத் தொடாமல் அதன் படி ஒன்றில் வேலை செய்க. இரண்டாவது, தலைப்புக்கு ஒரு வரிசை, ஒருவருக்கு ஒரு வரிசை என அமைத்து, இணைத்த கட்டங்களையும் மொத்த வரிசைகளையும் நீக்குக. மூன்றாவது, ஒவ்வொரு பத்தியின் வகையையும் நீவிரே அறிவிக்க. கணினியின் ஊகத்திற்கு விடற்க. நான்காவது, நேரே நிலையான அட்டவணையில் சேர்க்காது, எல்லாப் பத்தியும் எழுத்தாகவே அமைந்த ஒரு தற்காலிக அட்டவணையில் முதலில் இறக்கிப் பிழைகளை நோக்குக. களத்தில் தூற்றிய பின்னரன்றோ நெல் குதிருக்குச் செல்லும்? ஐந்தாவது, புறப்பட்ட வரிசைகளையும் சேர்ந்த வரிசைகளையும் எண்ணுக. கூலித் தொகையை ஈரிடத்தும் கூட்டி ஒப்பிடுக. முதலிலும் இடையிலும் இறுதியிலும் சில பதிவுகளை எடுத்து மூலத்தோடு ஒத்துப் பார்க்க.

ஒத்துப் பார்த்தல் நமக்குப் புதியதன்று. ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் வேறுபடா. ரகரமும் காலும் ஒன்றாகவே தோன்றும். படியெடுத்தோர் ஊகித்து எழுதிய இடங்களில் பிழைகள் புகுந்தன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பல சுவடிகளைத் தேடித் தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887ஆம் ஆண்டில் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். ஒரு சுவடியை மட்டும் நம்பி அவர் அமைந்துவிடவில்லை. படியெடுப்பவர் மனிதராயினும் கணினியாயினும், ஊகம் புகும் இடத்தில் பிழையும் புகும்; ஒப்பிடும் கண்ணே அதனைத் தடுக்கும்.

விடுபட்ட 41 பேருக்கும் மறுநாளே கூலி வழங்கப்பட்டது. என் மாணவர் அவர்கள்முன் நின்று, பிழை தம்முடையதே என்று ஒப்புக்கொண்டார். அன்று முதல் ஒவ்வொரு முறை ஏடு மாற்றும்போதும் தம் குறிப்பேட்டில் இரண்டு எண்களை எழுதுகிறார்: புறப்பட்டவை, சேர்ந்தவை. இரண்டும் ஒன்றாகும்வரை அவர் கணினியை மூடுவதில்லை. மாணவர்களே, ஒவ்வொரு வரிசையும் ஒரு மனிதர் என்பதை நினைவில் வையுங்கள். நாளை நீங்கள் எக்கணக்கை எழுதினும், அவ்விரண்டு எண்களையும் எழுதப் பழகுங்கள்.